இரும்பை ஒட்டி நிற்கும் நீர்

ரஸ்க் வேகும் வாசனை எனக்குப் பிடிக்கும். ஆம்பூரில் தோல் வாசனை போகாத இடம் கிடையாது. துவைத்த துணியிலும் இருக்கும், சர்ச் பெஞ்சிலும் இருக்கும். அஹமது பாஷாவின் பேக்கரி இருக்கும் சந்தில் மட்டும் முற்பகலில் ரஸ்க் வாசனை ஜெயித்துவிடும். அந்தச் சந்தின் கடைசியில்தான் நான் வேலை செய்யும் நிக்கல் பட்டறை. செருப்புக்கும் பெல்ட்டுக்கும் கைப்பைக்கும் வைக்கிற பக்கிள்களுக்கு அங்கே வெள்ளி மாதிரி பளபளப்பு ஏற்றுவோம்.

தேவானந்தம் சார், நேற்று நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது தட்டில் வைத்தது அந்த பேக்கரியின் ரஸ்க்தான். நீங்கள் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்து, என் தங்கை இன்பம் காலில் மாட்டி நடந்த காலிப்பர் கம்பியில் இருந்த எஃகுக் கிளிப்பின் இரண்டு துண்டுகளை டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள்.

"அதே கட்டுல இருந்த மத்த கிளிப்ப எல்லாம் வைஸ்ல புடிச்சி அடிச்சிப் பாத்துட்டேன். வளையுது, ஒண்ணுகூட ஒடையல. இது மட்டும் கண்ணாடி மாதிரி ஒடஞ்சிருக்கு. நிக்கல் போட்ட எடத்துல இன்னா பண்ணாங்கன்னு தெரிஞ்சா போதும்" என்றீர்கள்.

அம்மா உங்களைப் பேச விடவில்லை. "உங்க கம்பிய நம்பித்தானே தம்பி எம்பொண்ண ரோட்ல நடக்க வுட்டேன். இப்ப வந்து பளபளப்பு போட்டதக் கேக்குறீங்களா? அத எம்பெரிய பொண்ணு போட்டா. அவள விடவா இன்பத்தப் பாத்துக்க ஆள் இருக்கு?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எனக்கு ஆள் முன்னால் பேச வராது. மனசுக்குள் என்றால் எல்லாம் வரிசையாக வரும். அதனால் இப்படித்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. நேரில் கேட்டால் இதில் ஒரு வரிகூட வராது.

நீங்கள் பல முறை வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். ஆனால் என் பெயர் ஆக்னஸ் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. "இன்பத்தோட அக்கா" என்றுதான் கூப்பிடுவீர்கள். தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும்.

சின்ன வயதிலிருந்தே எனக்குக் கூச்சம். கடையில் போய் உப்பு கேட்கக்கூட நாக்கு ஒட்டிக்கொள்ளும். யாராவது என்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. இன்பம் எனக்கு நாலு வயது சின்னவள். அவளுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிப்போனது. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே போக ஆரம்பித்த பிறகுதான் ஒன்று புரிந்தது. அவள் என் இடுப்பில் இருக்கும்போது யாரும் என்னைப் பார்ப்பதில்லை. முதலில் அவள் காலைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள். அவள் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள். உப்பையும் அவளே கேட்டு வாங்கிவிடுவாள். எனக்குக் கை எங்கே என்ற பிரச்சினை இல்லை. இரண்டு கையும் அவளைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். ஒன்பதாவதுக்கு ஊரின் அந்தப் பக்கம் போக வேண்டும். இன்பத்தின் பள்ளிக்கூடம் இந்தப் பக்கம். யாரும் என்னை நிறுத்தவில்லை, நானே நின்றேன். மிஷன் ஹாஸ்டலில் சமையல் செய்துகொண்டிருந்த அம்மா அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் ஐயர் பிரசங்கத்தில், நம் சபையிலேயே ஒரு சின்னப் பெண் தன் தங்கைக்காகப் படிப்பை விட்டுவிட்டாள் என்று சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் இன்பத்தின் தலைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் தலையில் தேங்காய் எண்ணெய் வாசனை. அந்த நாளைப் போல ஒரு நாள் எனக்கு மறுபடி வரவில்லை.

பெரியவளான பிறகும் நான்தான். இடுப்பு தாங்காதபோது முதுகில், அதுவும் முடியாதபோது வாடகை சைக்கிளின் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போவேன். அவள் பள்ளிப் படிப்பை முடித்து வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் நான் ஜியாவுல்லா பாயின் நிக்கல் பட்டறைக்குப் போனேன்.

அங்கே என் வேலை ராடு ஆட்டுவது. பச்சைத் தண்ணீர் நிறைந்த நீளத் தொட்டி. இரண்டு ஓரத்திலும் துணிப் பை போட்ட நிக்கல் தகடுகள் தொங்கும். நடுவில் ஒரு பித்தளை ராடு. அதில் கம்பி போட்டு பக்கிள்களைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவோம். கரெண்டு கொடுத்தால் தகட்டில் இருக்கும் நிக்கல் கரைந்து தண்ணீர் வழியாக வந்து பக்கிளில் படியும். கரெண்டு ஓடும் நேரம் முழுவதும் அந்த ராடை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது சலிப்பான வேலை. எனக்குப் பிடித்திருந்தது. சுவரைப் பார்த்து நிற்கிற வேலை. கைக்கும் ஒரு வேலை இருந்தது.

"தங்கச்சி ஆட்டுற ஆட்டுக்கு உள்ள கொழந்த கெடந்தா தூங்கிப்பூடும்" என்று ஜியாவுல்லா பாய் சொல்வார். கை நின்றுவிட்டால், "இன்னாம்மா, தண்ணி நின்னுபோச்சி பாரு" என்பார்.

தண்ணீர் நிற்பது என்றால் என்ன என்று நான் பார்த்திருக்கிறேன். ராடு அசையாமல் இருந்தால், வெயில் தொட்டிக்குள் சாய்வாக விழுகிற நேரத்தில் தெரியும். இரும்பை ஒட்டியிருக்கும் தண்ணீர் மட்டும் தனியாக, மெல்லிய நூலைப் போல நெளிந்து நெளிந்து மேலே ஏறும். வெயில் காலத்தில் ரோட்டுக்கு மேலே கானல் நெளியுமே, அப்படி. தொட்டி முழுக்கப் பச்சையாக இருக்கும், அந்த நூல் மட்டும் வெளிறியிருக்கும். மெட்ராஸிலிருந்து எங்கள் தொட்டிக்கு நிக்கல் உப்பும் மருந்தும் விற்க வரும் சுந்தரமூர்த்தி அதற்குக் காரணம் சொன்னார். தொட்டித் தண்ணீர் எல்லாம் ஒரே தண்ணீர் இல்லையாம். இரும்பைத் தொட்டுக்கொண்டு நிற்பது, நம் தலைமுடி கனம்கூட இல்லாத ஒரு படலம். அது தன்னிடம் இருக்கும் நிக்கலை எல்லாம் இரும்புக்குக் கொடுத்துவிட்டு வெறுமையாகிவிடுமாம். அதை நகர்த்தினால்தான் புதுத் தண்ணீர் அந்த இடத்துக்கு வரும். அதற்குத்தான் ஆட்டுவது.

நகர்த்திய தண்ணீர் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்னொன்றும் அவர் சொன்னார். அதுதான் உங்களுக்கு வேண்டியது. ஒரு பை கம்பெனிக்கு நாங்கள் பூட்டு ஸ்பிரிங்குகளுக்கு நிக்கல் போட்டுக் கொடுத்திருந்தோம். நன்றாக மின்னின. கொஞ்ச நாளில் கம்பெனி ஆள் ஒரு சாக்கோடு வந்து, எல்லாவற்றையும் தரையில் கொட்டினார். பாதிக்கு மேல் உடைந்து கிடந்தன. சுந்தரமூர்த்தி ஒரு துண்டை எடுத்து உடைந்த வாயைப் பார்த்தார்.

"பாய், இரும்பு குடிச்சிருக்கு" என்றார்.

"இன்னா குடிச்சிது, சாராயமா?"

"சிரிக்காதீங்க. தொட்டில குமிழி வருதுல்ல, எல்லாம் மேல போய்டுதுன்னு நெனச்சிக்கிறீங்க. தண்ணி இரும்பத் தொடுற எடத்துல, குமிழி ஆவறதுக்கு முன்னாடியே அந்தக் காத்துல கொஞ்சம் இரும்புக்குள்ள பூந்துடும். சாதா இரும்புன்னா பாதகம் இல்ல. ஸ்பிரிங் எஃகு மாதிரி கெட்டியா இருந்தா உள்ள ஒக்காந்துக்கினு அத வீக்காக்கிடும். கழுவுற ஆசிட்ல ஜாஸ்தி நேரம் வுட்டா இன்னும் மோசம்."

"பாத்தா ஒண்ணும் தெரியலியே. ஜோராதான கீது."

"தெரியாது. மாட்டின ஒடனே ஒடையாது. வெயிட்டத் தாங்கிக்கினே இருக்கும். அப்பறம் ஒரு நாள் பட்டுனு போய்டும்."

"வைத்தியம் இன்னான்னு சொல்லு, பேஜார் பண்ணாத."

"சூடு காட்டணும். கொதிக்கிற தண்ணி பத்தாது, நெருப்பும் ஆவாது. ரஸ்க் வேகுதுல்ல, அந்தச் சூடு. அரை நாள் வெச்சா உள்ள போனது வெளிய வந்துடும். தொட்டிலேர்ந்து எடுத்த அன்னைக்கே வெக்கணும். மறுநாள் வெச்சா உள்ளுக்குள்ள கீறல் வுழுந்து முடிஞ்சிருக்கும். அதுக்கப்பறம் சூடு காட்டி இன்னா பிரயோஜனம்."

ஜியாவுல்லா பாய் நேராக அஹமது பாஷாவிடம் போனார். "இரும்ப ரஸ்கு தட்டுல வெச்சா எவன் பல்லு ஒடையறது" என்று பாஷா பாய் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ரொட்டியும் ரஸ்க்கும் இறங்கிய அடுப்பில், மிச்சச் சூட்டில், தனித் தட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. தட்டுக்கு நீலப் பெயிண்ட் அடித்தார்கள். அன்றிலிருந்து எஃகுச் சாமான் எது வந்தாலும், நிக்கல் போட்ட கையோடு நீலத் தட்டில் வைத்துச் சந்தின் முனைக்குக் கொண்டுபோவது என் வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் கிடையாது. வெள்ளிக்கிழமை தோல் பதனிடும் ஷாப்புகளும் லீவு, பட்டறையும் லீவு, பாஷா பாயும் அடுப்பு மூட்ட மாட்டார். நான் சர்ச்சுக்குப் போகிற பெண் என்பதால் சாவியை என்னிடம் கொடுத்து, வெள்ளிக்கிழமைகளில் தொட்டியை வடிகட்டி வைக்கச் சொல்லியிருந்தார்கள். அன்று தனியாக இருக்கலாம்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் நீங்கள் வந்தீர்கள். வேலூரில் நீங்கள் வேலை செய்த காலிப்பர் பட்டறையில் அளவெடுத்து, இன்பத்தின் இடது காலுக்கு இரண்டு பக்கமும் கம்பி, தொடைக்குத் தோல் பட்டை, கீழே பூட்ஸ் என்று செய்து கொண்டுவந்தீர்கள். முட்டிக்குப் பக்கத்தில் ஒரு எஃகுக் கிளிப். அவள் எழுந்து காலை நீட்டினால் டக் என்று விழுந்து முட்டியைப் பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமானால் விரலால் தூக்கிவிட வேண்டும். முழு உடம்பும் அந்தக் கிளிப்பை நம்பித்தான் நிற்கிறது என்று நீங்களே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. டக். காலையில் அவள் எழுந்து தானாகக் கக்கூஸுக்குப் போவாள். டக். அடுத்த வீட்டுக் கண்ணம்மாள் வாசலில் போய் நிற்பாள். நான் தூக்கப் போவேன், அதற்குள் டக் என்று கேட்கும். நின்ற இடத்திலேயே நின்றுவிடுவேன். கையை எங்கே வைப்பது என்ற பழைய பிரச்சினை திரும்ப வந்தது.

நீங்கள் திருகாணி இறுக்க அடிக்கடி வந்தீர்கள். அவ்வளவு இறுக்க வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியும்.

"சார், உங்க கம்பி பாட்டு பாடுது" என்பாள் இன்பம்.

"எண்ணெ வுடுங்க, நின்னுடும்."

"வேணாம் சார். பஸ்ஸுக்கு ஹாரன் வெக்கல? நான் வர்றது நாலு பேருக்குத் தெரியட்டும்."

நீங்கள் சிரித்தீர்கள். அவள் அதைவிட அதிகமாகச் சிரித்தாள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் இந்த முறை அது வேறு மாதிரி இருந்தது.

கிளிப் வேர்வையில் துருப்பிடித்தது. நான் கேட்டு வாங்கி நிக்கல் போட்டுக் கொடுத்தேன். அதை நீங்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த முதல் முறை எல்லாம் முறைப்படி செய்தேன். ஆசிட்டில் ஒரு நொடி முக்கி எடுத்தேன். குமிழி ஒட்டாமல் ராடை ஒரு நிமிஷம்கூட நிறுத்தாமல் ஆட்டினேன். ஈரம் காயும் முன்பே நீலத் தட்டில் வைத்துப் பாஷா பாயிடம் ஓடினேன். "தங்கச்சி கால் சாமானா, குடும்மா, நடுவுல வெக்கிறேன்" என்று சொல்லி வாங்கி வைத்தார். அந்தக் கிளிப் இன்பத்தை ஒரு வருஷத்துக்கு மேல் தாங்கியது. எனக்குச் செய்யத் தெரியாது என்று யாரும் சொல்லக் கூடாது.

பிறகு ஊனமுற்றோர் ஆண்டு என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த வருஷம் வந்தது. இன்பம் டெலிபோன் போர்டு வேலைக்குப் பயிற்சி எடுத்தாள். வேலூரில் ஒரு ஆபீசில் ஆபரேட்டர் வேலைக்கு ஆர்டர் வந்தது. அங்கேயே பெண்கள் ஹாஸ்டலில் இடம். நானும் வருகிறேன் என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வாணாம்க்கா. இவ்ளோ வருஷம் தூக்கிட்ட, போதும். உன் இடுப்பப் பாரு, ஒரு பக்கமா சாஞ்சேபோச்சி. இனிமேட்டு உன் இஷ்டத்துக்கு இரு."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அவளுக்குக் கெட்ட எண்ணம் என்பதே கிடையாது. என் இஷ்டம் என்ன என்று அன்று பூராவும் ராடு ஆட்டிக்கொண்டே யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கை நின்றுபோய், பக்கிளை ஒட்டியிருந்த வெளிறிய தண்ணீர் மேலே ஏறிக் கலைந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜியாவுல்லா பாய் கூப்பிட்டது காதில் விழவில்லை.

அந்த வாரம் இன்பம் கிளிப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். நிக்கல் உரிந்து மறுபடி துரு தெரிந்தது. "ஆபீஸ்ல எல்லாம் பாப்பாங்கக்கா. புதுசு மாரி பண்ணிக்குடு. அதுவரைக்கும் நான் ஒக்காந்துக்கினே இருக்கேன்" என்றாள்.

நான் அதை வெள்ளிக்கிழமை செய்தேன். வெள்ளிக்கிழமை அடுப்பு எரியாது. நீங்கள் தேடுவது இதுதான், சார். கிளிப்பை அன்றே சூடு காட்டவில்லை. அதனால் உடைந்தது. உங்கள் எஃகில் குறை இல்லை.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அம்மாவும் நம்புவாள். உங்களிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவள் கிளிப்பைக் கொடுத்தது செவ்வாய்க்கிழமை. செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் பாஷா பாயின் அடுப்பு எரிந்தது. மூன்று நாளும் நான் வேறு எஃகுச் சாமான்களை நீலத் தட்டில் எடுத்துப்போனேன். கிளிப் என் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்தது. அந்த மூன்று நாளும் கிளிப் இல்லாமல் இன்பத்தால் நிற்க முடியவில்லை. காலையிலும் மாலையிலும் நான்தான் தூக்கினேன். அவள் பழையபடி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் கனமாகியிருந்தாள். எனக்கு அது கனமாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பட்டறையைத் திறந்து, கிளிப்பைக் கழுவுகிற ஆசிட்டில் போட்டேன். அதில் ஒரு நொடி போதும். நான் தொட்டியை வடிகட்டி முடித்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைக்கும் வரை அது அதற்குள்ளேயே கிடந்தது. ஆசிட்டுக்குள் எஃகு முழுக்கப் பொடிக் குமிழி பூத்திருந்தது. பார்க்க அழகாக இருக்கும். பிறகு நிக்கல் தொட்டியில் இறக்கிக் கரெண்டைக் கொஞ்சம் அதிகமாகவே வைத்தேன். ராடை ஆட்டவில்லை. சுவரில் சாய்ந்து, கை கட்டிக்கொண்டு பார்த்தேன். தண்ணீர் இரும்பைத் தொடும் இடத்தில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது என்று சுந்தரமூர்த்தி சொல்லியிருந்தார். அன்றைக்கு எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை அதை நீலத் தட்டில் வைத்து அடுப்புக்கு எடுத்துப்போனேன். மறுநாள் வைத்தால் பிரயோஜனம் இல்லை என்பது பாஷா பாய்க்குத் தெரியாது. "மறுபடி தங்கச்சிதா? வேலைக்குப் போவுதாமே, மாஷா அல்லா" என்று சொல்லி ஒரு பொட்டலம் ரஸ்க் கொடுத்தார், காசு வாங்கவில்லை. நீங்கள் அவரிடம் போய்க் கேட்டாலும் கிளிப் அடுப்புக்கு வந்தது என்றுதான் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான்.

சாயந்திரம் கிளிப்பை மாட்டினேன். கண்ணாடி மாதிரி மின்னியது. இன்பம் அதில் முகம் பார்த்தாள். டக் என்று எழுந்து நின்று, "அக்கா, நீ போட்டா தனி பளபளப்புதான்" என்றாள்.

நான் நினைத்தது சின்ன விழுகை. வீட்டுக்குள், பாய் மேல், நான் பக்கத்தில் இருக்கும்போது. கொஞ்சம் பயம் வரும், வேலூர் வேண்டாம் என்று தோன்றும், அவ்வளவுதான். எப்போது, எங்கே என்று தீர்மானிப்பது என் கையில் இல்லை. அது இரும்புக்குள் போய்விட்டது. அதன் பிறகு நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு டக் கேட்கும்போதும் மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்பேன். பாவம், என் நிலைமையை யாரும் புரிந்துகொள்ள முடியாது.

வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் ஒரு கைப்பையும் குடையும் வாங்க மூன்று பேரும் வேலூர் போனோம். லாங் பஜாரில் நல்ல கூட்டம். இன்பம் முன்னால், அம்மா அவள் பக்கத்தில், நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால். வெங்காய மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று "ஓரம், ஓரம்" என்று வந்தது. அவள் ஒதுங்குவதற்காக இடது காலில் முழுக் கனத்தையும் வைத்தாள். டக் இல்லை. வேறு சத்தம். சின்னது, சுள்ளி ஒடிகிற மாதிரி. அந்தச் சந்தடியில் அது எனக்கு மட்டும் கேட்டது. நான் காத்துக்கொண்டிருந்த சத்தம். அவள் விழுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கையெட்டும் தூரம்தான். நான் குடையைக் கீழே போடவில்லை. என் கைக்குத் தூக்கத்தான் பழக்கம், விழுகிறவரைப் பிடித்துப் பழக்கமில்லை.

வலது தொடை எலும்பு வண்டிச் சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டி இரண்டு இடத்தில் முறிந்தது. வலது கால்தான் அவளுடைய நல்ல கால். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அதற்காக மிகவும் வருத்தப்பட்டேன்.

மழைக்காலம் பூராவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலில் எடை கட்டிக் கிடந்தாள். அந்த வேலைக்கு வேறு ஒரு பெண் வந்துவிட்டாள். உங்களை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நேற்று உங்கள் சட்டைக் காலர் கிழிந்திருந்ததைப் பார்த்தேன். நீங்கள் கைவேலை தெரிந்தவர். ஆம்பூரில் கைவேலை தெரிந்தவர்களுக்கு வேலைக்குப் பஞ்சம் இல்லை. ஷூ கம்பெனிகளில் கேட்டுப் பார்க்கலாம். நான் வந்து விசாரணையில் சொன்னால் உங்களுக்கு நல்லது என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் அத்தனை ஆள் முன்னால் நின்று நான் எப்படிப் பேசுவேன். அது என்னால் ஆகாத காரியம். தவிர, இன்பத்துக்குத் தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள். அவளைப் பற்றியும் யோசிக்க வேண்டும் இல்லையா.

வீட்டுக்கு வந்த பிறகு பழையபடி நான்தான். குளிப்பாட்டுவது, தலை பின்னுவது, தூக்கி வாசலில் உட்கார வைப்பது. அவள் முன்னைப் போல் பேசுவதில்லை. டீ வேண்டுமா என்றால் தலையை ஆட்டுவாள். கடைக்குப் போனால் இப்போது நானே வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது. அது ஒன்றுதான் கஷ்டம். போன ஞாயிற்றுக்கிழமை அவளை முதுகில் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "இந்தக் காலத்துல எவ இப்டி தூக்குவா" என்று யாரோ சொன்னது கேட்டது. நான் முகத்தைத் திருப்பி அவள் கை மேல் வைத்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது. தலையில் அதே தேங்காய் எண்ணெய்தான்.

சார், ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. எலும்பு கூடிவிட்டது, இரண்டு காலுக்கும் காலிப்பர் போட்டால் மெதுவாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புது ஆள் இரண்டையும் செய்து கொடுத்துவிட்டார். உங்கள் வேலை மாதிரி நயமாக இல்லை. கிளிப் எஃகு பரவாயில்லை. இரண்டு கிளிப்.

நேற்று நீங்கள் போன பிறகு இன்பம் என்னைக் கூப்பிட்டாள். அந்த ஆபீசில் இன்னொரு இடம் காலியாகிறதாம், நடக்க முடிந்தால் வரலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ரொம்ப நாள் கழித்து அவள் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. இரண்டு கிளிப்புகளையும் என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"தேவானந்தம் சார் இன்னா சொன்னாலும் சரிக்கா, எனக்கு உன் கைமேலதான் நம்பிக்க. ரெண்டையும் நீயே போட்டுக் குடு."

அவள் அப்படிச் சொன்ன பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது. பழையதை நினைத்துப் பயந்துகொண்டிருந்தால் ஒரு வேலையும் நடக்காது. இந்த முறை எல்லாவற்றையும் கவனமாகச் செய்வேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம். பட்டறையில் இந்த வாரம் பக்கிள் ஆர்டர் ஜாஸ்தி, மற்ற நாட்களில் கை ஒழியாது.

வெள்ளிக்கிழமை போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.